டியூபா அடைத்த இடங்கள்

மேடையில் டியூபா ஊத வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, மைக்கை எங்கே வைப்பது, டிரம்ஸுக்கு எவ்வளவு முந்தி ஊதினால் சத்தம் சரியாகப் போய்ச் சேரும், உதடு வீங்கினால் என்ன தடவுவது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. என்னைவிட நன்றாகச் சொல்கிறார்கள். முன்வரிசையில் நாலு பல் போய்விட்டது, அதனால்தான் ஊதுவதை விட்டேன் என்று திண்டுக்கல்லில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

பாப் பாட்டு மேடையில் டியூபாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், பேஸ் கிதார் செய்கிற வேலை என்பீர்கள். சரிதான். ஆனால் பேஸ் கிதாருக்கு மூச்சு கிடையாது. நாம் மூச்சு வாங்கி ஊதுகிறோம், பாடுகிறவரும் மூச்சு வாங்கிப் பாடுகிறார். அதனால் பாடுகிறவரின் தொண்டைக்கு என்ன ஆகிறது என்பது மேடையிலுள்ள மற்ற எல்லோரையும்விட நமக்குத்தான் முதலில் தெரியும். எனக்கும் தெரிந்தது. தெரிந்து நான் என்ன செய்தேன் என்பதுதான் விஷயம்.

நான் மேடைக்காரன் இல்லை. பேண்டு செட்டில் வளர்ந்தவன். கோயில் சப்பரம், கல்யாண ஊர்வலம், சாவு எல்லாவற்றுக்கும் பேஸ் என்கிற பெரிய பித்தளைக் குழாயை ஊதியவன். டியூபா என்ற பேரே எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரியும். பேண்டில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரின் சாவுக்குப் போயிருந்தோம். சித்திரை வெயில். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்புகிற சந்தில் எனக்கு நாக்கு வறண்டு போய், வாயை எடுத்து எச்சில் விழுங்கினேன். நாலே எட்டு வைக்கிற நேரம்தான் இருக்கும். பேஸ் நின்றதும் சவப்பெட்டியை முன்னால் தூக்கிப் போனவர்கள் நின்றுவிட்டார்கள். பின்னால் தூக்கியவர்களுக்கு அது தெரியவில்லை, அவர்கள் நடந்தார்கள். பெட்டி சரிந்தது. இறந்தவரின் மகன் பாய்ந்து வந்து முழங்கையைக் கொடுத்துத் தாங்கினார். அவர் முழங்கை உரிந்து ரத்தம் வழிந்தது.

"ஏலே, பேஸ நிறுத்துனா வந்து சேந்துட்டோம்னுல்ல நெனச்சோம்! கூறு இருக்கா ஒனக்கு?" என்று தூக்கியவர்களில் ஒருவர் கத்தினார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

திரும்பி வரும்போது பேண்டு மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கிளாரினெட்டு நிக்கலாம். டிரம்பெட்டு நிக்கலாம். நடந்துக்கிட்டே ஊதுறவன் எவனுக்கும் மூச்சு முட்டும். எவன் விட்டாலும் அந்த எடத்த நீ அடைச்சு விடணும். நீ மட்டும் விடக் கூடாது."

அதற்கு எங்கள் செட்டில் அடைப்பு என்றே பேர். 'பேஸு, அடைப்பு நல்லா இருந்துச்சு' என்று சொன்னால் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. "சாக்கடைக்காரங்க மாதிரி பேசிக்கிறீங்க" என்று என் மனைவி சிரிப்பாள். அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் நான் ஓட்டை விடவே இல்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

என்னை மேடைக்குக் கொண்டுவந்தவர் இம்தியாஸ். தோல் வியாபாரக் குடும்பத்துப் பையன், கீபோர்டு வாசிப்பார், சொந்தமாகப் பாட்டுக் கட்டுவார். வெளிநாட்டில் யாரோ பேஸ் கிதாருக்குப் பதில் டியூபா வைத்துப் பாப் பாட்டு வாசித்ததைப் போனில் பார்த்திருக்கிறார். பேகம்பூர் ரோட்டில் ஒரு சவ ஊர்வலத்தில் என் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பைக்கை ஓரமாக உருட்டிக்கொண்டே கல்லறை வரைக்கும் வந்தார். குழியில் மண் போட்டு முடிக்கும் வரை காத்திருந்து, "அண்ணே, நம்ம குரூப்புக்கு வாங்க. மேடையில நின்னு ஊதுனாப் போதும், நடக்க வேண்டாம்" என்றார். நடக்க வேண்டாம் என்றதும் ஒப்புக்கொண்டேன். அப்போதே எனக்கு மூட்டு வலி.

அந்தக் குழுவில் பாடியவள் புவனா. வடமதுரைப் பெண். அப்பா உரக்கடை வைத்திருந்தார். இருபத்து நாலு வயசு இருக்கும். ஒல்லிக்குச்சி உடம்பு. வாயைத் திறந்தால் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவர்கள் தேடுவார்கள். முதல் ஒத்திகையிலேயே நான் மூச்சு வாங்குகிற இடத்தைப் பார்த்துத் தன் மூச்சை மாற்றிக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அன்றைக்கே அவள்மேல் ஒரு பாசம் விழுந்துவிட்டது.

சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்கப் போனோம். நான் வாத்தியத்தைத் தூக்கி மடியில் வைத்ததும் மணப்பெண்ணின் தாய்மாமன் மேடைக்கே வந்துவிட்டார்.

"இது சாவுக்கு ஊதுற குழாயில்ல? எங்க ஐயாவுக்கு இதத்தான ஊதுனாங்க. என் மருமக உக்காந்திருக்குற எடத்துல இது சத்தம் கேக்கக் கூடாது. எறக்குங்க."

இம்தியாஸ் என்னென்னவோ சமாதானம் சொன்னார். நான் வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கத் தொடங்கிவிட்டேன். அவர் சொன்னதிலும் தப்பில்லையே, அவருடைய ஐயாவுக்கு நானே ஊதியிருப்பேன். அப்போது புவனா மைக்கைக் கீழே வைத்தாள்.

"அப்ப நானும் எறங்குறேன் மாமா. அவரு ஊதாம என் பாட்டு நிக்காது."

"நீ இருந்து பாடும்மா, ஒன்ன யாரு சொன்னா?"

"அவரு போனா நான் போறேன். அம்புட்டுத்தான்."

கடைசியில் மண்டபத்தில் கிடந்த சரிகைத் துணியை டியூபாவின் வாயைச் சுற்றிக் கட்டி, ஜோடனை மாதிரி ஆக்கினார்கள். மூன்றாவது பாட்டுக்கு அந்தத் தாய்மாமனே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினார். எனக்கு மேடையில் ஓர் இடம் இருந்தது என்றால் அது அவள் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த இடம். இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

மூன்றாம் வருஷம் ஒரு கல்லூரி விழா. எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றில் இரண்டாவது சரணம் மேலே ஏறும். ஏறுகிற இடத்தில் அவள் குரல் உடைந்தது. ஒரு வார்த்தை மொத்தமாகக் காற்றாகப் போயிற்று. பேண்டுப் பழக்கம் எனக்கு, யோசிக்கவே இல்லை. அவள் பாட வேண்டிய மெட்டையே டியூபாவில் எடுத்து மேலே கொண்டுபோனேன். அடுத்த வரியில் அவள் வந்து சேர்ந்துகொண்டாள். பையன்கள் விசில் அடித்தார்கள். பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இறங்கி வந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணே, வெளிய கேட்டுச்சா?"

"ஒன்னும் கேக்கல தாயி. நான் அடைச்சு விட்டேன்."

"அடைச்சு விட்டீங்களா? நல்ல பேரா இருக்கே" என்று சிரித்தாள்.

அதன் பிறகு அது எங்கள் இருவருக்குள் ஒரு ஏற்பாடாகிவிட்டது. நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். பாட்டுத் தொடங்கும் முன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விரல் காட்டுவாள். ஒரு விரல் என்றால் ஒரு இடம், இரண்டு என்றால் இரண்டு. எந்த இடம் என்று சொல்ல வேண்டியதில்லை, அவள் மூச்சை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும். முதலில் சளி என்றாள். அப்புறம் தூக்கம் இல்லை என்றாள். ஒரு விரல் இரண்டாகி, ஆடிக்குள் மூன்றாகிவிட்டது.

இப்போது வெட்கத்தைவிட்டு ஒன்று சொல்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. அத்தனை வருஷம் ஊதியும் எனக்காக ஒரு ஆள் கை தட்டியதில்லை. சாவு வீட்டில் யார் தட்டுவார்கள்? இங்கே அவள் குரல் விழுகிற இடத்தில் எல்லாம் எனக்கு விசில் விழுந்தது. இம்தியாஸ் இதை நான் போட்ட சங்கதி என்றே நம்பினார். அந்த இடம் வந்ததும் என்மேல் விளக்கைத் திருப்பச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் வந்து 'டியூபா அங்கிள்' என்று சொல்லிச் செல்பி எடுத்தார்கள். அவள் மூன்று விரல் காட்டிய நாளில் என் மனசில் ஒரு ஓரத்தில் சந்தோஷம் வந்தது. சத்தியமாக வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

டாக்டரிடம் போ என்று அவளிடம் சொன்னேன். ஒரே ஒரு தடவை சொன்னேன்.

"போறேண்ணே. சென்னையில இருந்து பாட்டுக் கம்பெனிக்காரரு ஒருத்தரு என் பாட்டக் கேக்க வாராரு. ஒட்டன்சத்திரம் புரோக்ராமுக்கு வாராராம். அது மட்டும் முடிஞ்சுரட்டும். இம்தியாஸ் அண்ணனுக்குத் தெரிஞ்சா ரெஸ்டுன்னு உக்கார வச்சுருவாரு. நீங்க வாயத் தெறக்காதீங்க."

நானும் திறக்கவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் மார்க்கெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். கேரளா போகிற காய்கறி லாரிகள் பின்னால் உறுமிக்கொண்டு இருந்தன. சாயங்காலம் ஆறு மணிக்கு சவுண்டு பார்க்கும்போது புவனா மைக்கில் 'ஒன், டூ' என்று மட்டும் சொன்னாள். அதுவே மணலில் கால் தேய்க்கிற மாதிரி இருந்தது. இம்தியாஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, புவனா தொண்ட சரியா இருக்கா? கேட்டா நல்லாருக்குங்கிறா. எனக்குக் கீபோர்டு சத்தத்துல ஒன்னும் புரியல. நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. சரியில்லன்னா சொல்லுங்க, இப்பவே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துர்றேன். புரோக்ராமே வேணாம்."

அவர் செய்திருப்பார். அப்படிப்பட்ட ஆள்தான். தள்ளி நின்று புவனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. வெந்நி குடிச்சாச் சரியாப் போகும்" என்றேன்.

மூன்று பாட்டுகள் எப்படியோ போயின. நான்காவது அந்தச் சொந்தப் பாட்டு. அவள் இடது கை முதுகுக்குப் பின்னால் வந்தது. விரல்களை எண்ணுவதற்காகப் பார்த்தேன். உள்ளங்கை முழுசாக விரிந்திருந்தது. மொத்தப் பாட்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

முதல் சரணத்தில் வார்த்தை பாதி வந்தது, பாதி வரவில்லை. இரண்டாவதில் ஒன்றுமே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஊதிக்கொண்டே யோசித்தேன். நிறுத்தலாம். வாத்தியத்தைக் கீழே வைத்தால் போதும், டிரம்ஸ் தடுமாறும், இம்தியாஸ் தலையைத் தூக்கிப் பார்ப்பார், எல்லாம் நின்றுவிடும். ஆனால் பேஸ் நின்றால் பெட்டி சரியும் என்று பழகிய உடம்பு இது. நான் நிறுத்தினால் இத்தனை பேர் முன்னால், சென்னைக்காரர் முன்னால் அவள் விழுந்துவிடுவாள் என்றுதான் எனக்குப் பட்டது. அந்த நேரத்தில் அவள் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். விடாதீங்கண்ணே என்று சொல்வதாக எடுத்துக்கொண்டேன். நிறுத்துங்கண்ணே என்றும் அவள் சொல்லியிருக்கலாம். எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூச்சை இழுத்துப் பிடித்து, அந்தச் சரணம் முழுவதையும் நான் ஊதினேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாக ஊதியதில்லை.

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. விழா நடத்தியவர் மேடைக்குப் பின்னால் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, போன தடவ கேட்டதவிட இன்னைக்குத்தானுங்க பிரமாதம். அந்தப் பொண்ணு பாடுனதும் நீங்க ஊதுனதும் ஒன்னுக்கொன்னு பிரிக்கவே முடியலீங்க."

சென்னைக்காரர் வந்தார். புவனாவிடம் 'நல்லா பண்ணீங்க' என்றார். என்னிடம் போன் நம்பர் கேட்டார். கொடுத்தேன், அவள் முன்னாலேயே கொடுத்தேன். அவள் ஒரு கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கைக்குட்டையை எடுத்தபோது அதில் சிவப்பாக இருந்தது.

மறுநாள் மதுரையில் காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் ஏற்கனவே புண் இருந்திருக்கிறது, அதன்மேல் பாடிப் பாடி நேற்று ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார். "ஆரம்பத்துலயே வந்திருந்தா மருந்தே வேண்டியதில்ல. ரெண்டு மாசம் பேசாம இருந்திருந்தா ஆறியிருக்கும். எத்தன மாசமா இப்படி இருக்கு?"

புவனா ஏழு விரல் காட்டினாள்.

இம்தியாஸ் அதை நம்பவில்லை. "ஏழு மாசமா? எப்படி? வாரம் ரெண்டு புரோக்ராம் பண்ணிருக்கோம். எனக்கு ஒரு நாள்கூடக் கேக்கலையே" என்று டாக்டரிடம் வாதாடினார். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஓங்கி அறைந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் செய்தார்கள். பேசலாம், மெதுவாக. பாட முடியாது. குழு அத்தோடு கலைந்தது. சென்னையிலிருந்து எனக்குப் போன் வந்தது. போனேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. ஒரு நாள் ஊதினேன். 'அந்த ஒட்டன்சத்திரம் பிட்டு மாதிரி ஒன்னு போடுங்க சார்' என்றார்கள். வாயில் வைத்தேன், காற்று வரவில்லை. பல் வலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நீங்கள் இன்றைக்குச் சின்னச் சின்ன மேடைகளில் எல்லாம் டியூபாவோடு நிற்கிறீர்கள். ஜனங்கள் சாவுக் குழாய் என்று சொல்வது குறைந்துவிட்டது. நல்லது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாடுகிறவர் ஒரு நாள் தடுக்கினால் தாங்குங்கள், அது நம் வேலை. மறுநாளும் அதே இடத்தில் தடுக்கினால் அடைக்காதீர்கள். அந்த இடம் ஓட்டையாகவே இருக்கட்டும். கூட்டத்துக்குக் கேட்கட்டும், கீபோர்டுக்காரருக்குக் கேட்கட்டும், முக்கியமாகப் பாடுகிறவரின் காதுக்குக் கேட்கட்டும். அசிங்கமாக இருக்கும். உங்களைத் திட்டுவார்கள், பாடுகிறவரே உங்களோடு பேசாமல் போகலாம். போகட்டும். தூக்கிப் போகிற பெட்டிக்கு நிற்காமல் ஊதலாம். உயிரோடு நிற்கிற ஆளுக்கு நிறுத்தத் தெரிய வேண்டும். இது எனக்கு ஐம்பத்தெட்டு வயசில் புரிந்தது. என் மடத்தனத்துக்கு விலை கொடுத்தது வேறொரு பிள்ளை.

போன மாசம் வடமதுரைக்குப் போனேன். இரண்டு வருஷமாகப் போகத் துணியாமல் இருந்தவன், எப்படியோ பஸ் ஏறிவிட்டேன். புவனா அப்பாவின் உரக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். குரல் காற்றுப் போலத்தான் வருகிறது. அவள் மெல்லப் பேசுவதால் யூரியா வாங்க வருகிறவர்களும் ரகசியம் போலக் குனிந்து மெல்லப் பேசுகிறார்கள். "வாங்கண்ணே" என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காபி சொன்னாள். மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் மன்னிப்பு என்று தொடங்கினேன். "செத்த நேரம் சும்மா இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். காதில் மாட்டுகிற ஒயரில் ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு இன்னொன்றை என் காதில் வைத்தாள்.

ஒட்டன்சத்திரத்தில் கூட்டத்திலிருந்து யாரோ போனில் எடுத்த பாட்டு அது.

"தெனமும் கேக்குறேண்ணே" என்றாள். கோபமே இல்லை. "நான் கடைசியாப் பாடுனது எந்த வார்த்தைன்னு தெரிஞ்சாப் போதும். அதத்தான் தேடுறேன். கெடைக்க மாட்டேங்குது. நீங்க அம்புட்டு நல்லா அடைச்சிருக்கீங்க. உங்களுக்காவது தெரியுதா, சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். திரும்ப வைக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். எனக்கும் தெரியவில்லை.